குளிர்காலத்தில் பெரிய ட்ரவுட்: டௌப்போ ஏரியும் அதன் ஆறுகளும்

நியூசிலாந்தின் வடக்குத் தீவில், எரிமலைப் பீடபூமியின் நடுவே 616 சதுர கிலோமீட்டர் பரப்பில் விரிந்து கிடக்கிறது டௌப்போ ஏரி. கோடையில் மேல்தண்ணீர் சூடேறும்போது இந்த ஏரியின் பெரிய ரெயின்போ ட்ரவுட்கள் குளிர்ச்சி தேடி ஆழத்துக்குப் போய்விடும். படகு இல்லாதவருக்கு அவை பெரும்பாலும் எட்டாது. குளிர்காலத்தில் நிலைமை மாறுகிறது. சினை முற்றிய மீன்கள் ஏரியை விட்டு ஆற்றில் ஏறத் தொடங்குகின்றன. ஒன்றரை, இரண்டு கிலோ எடையுள்ள மீன்கள், சில சமயம் அதற்கும் மேலானவை, கரையில் நிற்பவர் எறியும் தூரத்துக்கே வந்து சேர்கின்றன.

தெற்கு அரைக்கோளத்தில் குளிர்காலம் ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் வரும்; நமக்கு ஆனி, ஆடி, ஆவணி. ஆக்லாந்திலிருந்து காரில் நான்கு மணி நேரம் தெற்கே போனால் டூராங்கி என்ற சிற்றூர். அதை ஒட்டி ஓடும் டொங்காரிரோ ஆறுதான் இந்த அத்தியாயத்தின் மையம். இங்கே கற்பதை ஏரியில் சேரும் மற்ற ஆறுகளிலும் ரோட்டோருவா பக்கத்து ஏரிகளிலும் அப்படியே பயன்படுத்தலாம்.

கடைக்குப் போனால் நூற்றுக்கணக்கான ஃபிளைகள் கண்ணைப் பறிக்கும். இறகும் நூலும் சுற்றிப் பூச்சி போலவோ சிறுமீன் போலவோ கட்டிய முள்ளுக்குத்தான் ஃபிளை என்று பெயர். எதை வாங்குவது என்று புதியவர் மணிக்கணக்கில் யோசிப்பார். அந்த யோசனை இரண்டாம் பட்சம். மீன் தன் பயணத்தில் இன்று எந்தக் கட்டத்தில் இருக்கிறது, எந்த ஆழத்தில் நிற்கிறது என்ற இரண்டு கேள்விகளுக்கு விடை தெரிந்தவர் கையில் எந்த ஃபிளையும் மீன் பிடிக்கும். இந்த அத்தியாயம் முழுவதும் அந்த இரண்டு கேள்விகளைப் பற்றியதுதான்.

மீனின் பயணம்

ரெயின்போ ட்ரவுட் நியூசிலாந்தின் சொந்த மீன் இல்லை. 1883ல் கலிஃபோர்னியாவிலிருந்து முட்டைகளாக வந்து சேர்ந்தது. அதே இன மீனைத்தான் நீலகிரியிலும் கொண்டுவந்து விட்டார்கள். அவலாஞ்சியில் 1907ல் தொடங்கிய பொரிப்பகம் அதற்குச் சான்று. டௌப்போவில் அந்த மீனுக்கு ஆழமான குளிர்ந்த நீர், நிறைய இரை, முட்டையிடச் சரளைக்கல் படுகை கொண்ட ஆறுகள் என்று எல்லாமே ஒரே இடத்தில் அமைந்தன. 1930களில் ட்ரவுட்டுக்கு இரையாகட்டும் என்று ஸ்மெல்ட் என்ற வெள்ளிநிறச் சிறுமீனையும் ஏரியில் விட்டார்கள். இன்றும் ஏரி ட்ரவுட்டின் கொழுப்பும் எடையும் பெரும்பாலும் அந்தச் சிறுமீனிலிருந்து வருபவை.

ஏரியில் தின்று கொழுத்த மீன், பருவம் வந்ததும் ஆற்றுவாய்க்கு வந்து காத்திருக்கும். மழை பெய்து ஆறு பெருகியதும் உள்ளே நுழையும். மடுவுக்கு மடு தங்கி இளைப்பாறி மேலே ஏறும். சரளைக்கல் பரவிய ஆழமற்ற இடம் வந்ததும் பெண்மீன் வாலால் கல்லைக் கிளறிப் பள்ளம் பறித்து முட்டையிடும். ஒரு கிலோ உடல் எடைக்குச் சுமார் 1,500 முதல் 2,000 முட்டைகள். பிறகு கல்லால் மூடிவிட்டு, இளைத்துக் கறுத்த உடம்போடு ஏரிக்குத் திரும்பும். பசிபிக் சால்மனைப் போல ட்ரவுட் முட்டையிட்டதும் செத்துப்போவதில்லை. பிழைத்து ஏரிக்குப் போனால் மறுபடி தேறி அடுத்த ஆண்டும் வரும்.

பிரவுன் ட்ரவுட்டும் இந்த ஆற்றில் உண்டு. ரெயின்போவைவிடப் பெரிதாக வளரும். ஆனால் கோடை முடிவிலும் இலையுதிர் காலத்திலும் முன்னதாகவே ஏறிவிடும். குளிர்காலத்தில் முக்கியமாக நாம் தேடுவது ரெயின்போ.

ஆக, ஒரே நாளில் ஒரே ஆற்றில் மூன்று நிலை மீன்கள் இருக்கும். ஏரியிலிருந்து அப்போதுதான் வந்த வெள்ளிமீன். சில வாரமாக ஆற்றில் தங்கிச் சிவந்து கறுத்த மீன். முட்டையிட்டுத் திரும்பும் மெலிந்த மீன். இவற்றைப் பிரித்தறிவதுதான் குளிர்கால மீன்பிடிப்பின் பாதி அறிவு.

எப்போது போவது

மழை பெய்து ஆறு பெருகித் தணியத் தொடங்கும் நாள்தான் முதல் தேர்வு. புதுவெள்ளம் வந்தால் மீன் ஏறும் என்பதை ஏரிப்பாசனத்து ஊர்க்காரருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை; இங்கேயும் அதே கதை. மழை கொட்டும்போது தண்ணீர் செம்மண் நிறத்தில் கலங்கி ஓடும். அப்போது மீன் ஏறும், ஆனால் ஃபிளை அதன் கண்ணில் படாது. ஓரிரு நாளில் மட்டம் இறங்கி, தண்ணீர் இளம் பச்சையாகத் தெளியும். முழங்கால் ஆழத்தில் நின்றால் காலணி மங்கலாகத் தெரிகிற அந்தத் தெளிவுதான் நமக்கு வேண்டும். புதிதாக ஏறிய மீன்கள் அப்போது மடுக்களில் நிறைந்திருக்கும். லேசான கலங்கல் அவற்றின் பயத்தையும் போக்கும்.

டொங்காரிரோவின் மேல்பகுதி நீரில் ஒரு பங்கு நீர்மின் திட்டத்துக்குத் திருப்பிவிடப்படுகிறது. அதனால் ஆற்றின் அளவை வானத்தைப் பார்த்து மட்டும் கணிக்க முடியாது. ஆற்றின் ஓட்ட அளவு இணையத்தில் கிடைக்கிறது. கிளம்பும் முன் கடந்த ஒரு வாரத்து வரைகோட்டைப் பாருங்கள். கோடு மேலே ஏறி, இப்போது சரிந்துகொண்டிருந்தால் வண்டியைக் கிளப்பலாம்.

மழையே இல்லாமல் பனி உறையும் நாட்கள் தொடர்ந்தால் ஆறு கண்ணாடிபோல் தெளிந்துவிடும். மீன் இருக்கும், ஆனால் மிரளும். அந்த நாட்களில் தங்கூஸ் மெலிதாகவும் ஃபிளை சிறிதாகவும் இருக்க வேண்டும். விடியற்காலையும் அந்தியும் நல்லது. நடுப்பகலை அடுத்த நாளுக்கான மடுவைப் பார்த்து வைக்கப் பயன்படுத்துங்கள்.

ஆற்றைப் படிப்பது

குளிர்ந்த நீரில் ட்ரவுட்டின் உடல் மெதுவாகத்தான் இயங்கும். டொங்காரிரோவின் நீர் குளிர்காலத்தில் பெரும்பாலும் 10 பாகைக்குக் கீழேதான். அந்தக் குளிரில், மேலே ஏறும் வேலையும் இருக்கும்போது, மீன் வீணாகச் சக்தியைச் செலவழிக்காது. இரைக்காகப் பல அடி தூரம் பாய்ந்து வராது. மூக்குக்கு நேராக மிதந்து வருவதைத்தான் வாய் திறந்து எடுக்கும். அதனால் அது நிற்கும் இடத்தைத் தெரிந்துகொள்ளாமல் எறிவது வீண்.

நான்கு இடங்களைத் தேடுங்கள்.

முதலாவது, மடுவின் தலைப்பகுதிக்குச் சற்றுக் கீழே, வேகநீர் ஆழத்தில் விழுந்து மெதுவாகும் விளிம்பு. ஏறி வந்த மீன் அங்கே இளைப்பாறும்.

இரண்டாவது, வேகமான ஓட்டமும் மெதுவான ஓட்டமும் உரசிக்கொள்ளும் கோடு. நீர்ப்பரப்பில் நுரையும் குமிழும் வரிசையாகப் போவதைப் பார்த்தே அதைக் கண்டுபிடிக்கலாம். மீன் மெதுவான பக்கத்தில் நின்று, வேகமான பக்கம் கொண்டுவருவதை எடுக்கும்.

மூன்றாவது, பெரிய பாறைக்கு முன்னும் பின்னும். பின்னால் மட்டும் நிற்கும் என்று பலர் நினைக்கிறார்கள். பாறையின் முன்னாலும் நீர் மோதித் திரும்புவதால் ஒரு சாந்தமான மெத்தை உண்டாகிறது. பெரிய மீன்கள் அங்கே நிற்பது சாதாரணம்.

நான்காவது, மடுவின் வால். தண்ணீர் மறுபடி ஆழம் குறைந்து அடுத்த இறக்கத்துக்குத் தயாராகும் இடம். கீழேயிருந்து வேகநீரைத் தாண்டி ஏறிய மீன் முதலில் மூச்சுவிடும் இடம் அதுதான். விடியலில் முதலில் அங்கே எறியுங்கள். நேராக மடுவுக்குள் இறங்கி நடந்தால் அந்த மீன்களை மிதித்துக் கலைத்துவிடுவீர்கள்.

டொங்காரிரோவின் மடுக்களுக்கு ஹைட்ரோ, ரெட் ஹட், மேஜர் ஜோன்ஸ், ஐலண்ட், ஜட்ஜஸ் என்று பெயர்கள் உண்டு. கரையில் நடைபாதையும் பெயர்ப்பலகையும் இருக்கின்றன. பெரிய வெள்ளம் ஒவ்வொன்றும் படுகையை மாற்றுவதால், பழைய புத்தகத்தில் படித்த மடு இன்று வேறு முகத்தோடு இருக்கும். ஒவ்வொரு பருவத்திலும் புதிதாகப் பார்க்க வேண்டும்.

கருவிகள்

இந்த ஆற்றில் ஃபிளை முறை மட்டுமே அனுமதி. புழு, இறால், சுழல் உலோகத்தகடு எதுவும் கூடாது.

கோல்: ஒன்பது முதல் பத்து அடி நீளம், ஏழு அல்லது எட்டாம் எண். ஆறாம் எண்ணுக்குக் கீழே போனால் கனமான ஃபிளையை எறிய முடியாது. வேகநீரில் பெரிய மீனையும் அடக்க முடியாது.

ரீல்: நூறு மீட்டர் பின்கயிறு கொள்ளும் அளவு, இழுவையைச் சீராகத் தடுக்கும் பிரேக் அவசியம்.

லைன்: இரண்டு வேண்டும். ஒன்று மிதக்கும் லைன், நிம்ஃப் முறைக்கு. மற்றது வேகமாக மூழ்கும் லைன், குறுக்கே எறியும் முறைக்கும் ஆற்றுவாய்க்கும்.

தங்கூஸ்: மூன்று முதல் நான்கு கிலோ தாங்கும் வலிமை. கலங்கல் நீரில் இன்னும் தடிமனாக இருந்தாலும் தப்பில்லை. ஒவ்வொரு மீனுக்குப் பிறகும், கல்லில் சிக்கி விடுபட்ட ஒவ்வொரு முறையும் விரல் நகத்தால் வருடிப் பாருங்கள். சொரசொரப்பு தட்டினால் வெட்டி மறுபடி முடிச்சிடுங்கள். எரிமலைக் கல் தங்கூஸை அரம்போல் அராவும்.

ஃபிளைகள்: கனமான நிம்ஃப், சின்ன நிம்ஃப், முட்டை வடிவ குளோ பக், ஆரஞ்சும் கறுப்புமாகச் சில வூலி பகர், ரெட் செட்டர். இத்தனை போதும். ஒவ்வொன்றிலும் மூன்று நான்கு எடைகளில் வைத்திருங்கள். வடிவத்தைவிட எடை வேறுபாடுதான் ஆற்றில் கைகொடுக்கும்.

முறை ஒன்று: நிம்ஃப்

நிம்ஃப் என்பது நீருக்கடியில் வாழும் பூச்சிக் குடம்பியின் உருவம். இந்த முறையில் இரண்டு ஃபிளைகளை ஒரே தங்கூஸில் கட்டுகிறோம். முதலாவது, உலோகமணியோ கம்பியோ சுற்றிய கனமான நிம்ஃப். அதன் வேலை அடியைத் தொடுவது. எடை முள்ளின் உடலிலேயே இருக்க வேண்டும் என்பது இங்குள்ள வழக்கம். தனியே ஈயக்குண்டு கோப்பதில்லை. அதன் முள் வளைவில் ஒரு சாண் நீளத் தங்கூஸ் கட்டி, நுனியில் சின்ன நிம்ஃபையோ குளோ பக்கையோ தொங்கவிடுங்கள். மீன் பெரும்பாலும் இந்தப் பின்னதைத்தான் எடுக்கும். மேலே மீன்கள் முட்டையிடும் காலத்தில் சில முட்டைகள் நீரோட்டத்தில் அடித்து வரும். அவற்றைத் தின்று பழகிய மீனுக்குக் குளோ பக் அந்நியமாகத் தெரியாது.

லைனும் தங்கூஸும் சேரும் இடத்தில் கொஞ்சம் ஆட்டு ரோமத்தைச் சுருக்கிட்டுக் கட்டினால் அதுதான் மிதப்பு. மிதப்புக்கும் கனமான ஃபிளைக்கும் இடையே உள்ள நீளம் ஆற்றின் ஆழத்தைப்போல் ஒன்றரை மடங்காவது இருக்கட்டும். நீரோட்டம் தங்கூஸைச் சாய்ப்பதால் இந்தக் கூடுதல் நீளம் தேவை.

மடுவின் வாலில் தொடங்கி, நீரோட்டத்துக்கு எதிராக, சற்றுச் சாய்வாக எறியுங்கள். ஃபிளை அடிக்குப் போக நேரம் வேண்டும். மீன் நிற்கும் இடத்துக்கு இரண்டு மூன்று மீட்டர் மேலேயே விழ வேண்டும். விழுந்த உடனே லைனைத் தூக்கி மேல்பக்கமாக மடித்து வையுங்கள். இல்லாவிட்டால் நடுவில் ஓடும் வேகநீர் லைனை வளைத்து மிதப்பை இழுக்கும். ஃபிளை அடியிலிருந்து எழும்பிவிடும். மிதப்பு பக்கத்துக் குமிழ்களோடு ஒரே வேகத்தில் வர வேண்டும். குமிழைவிட வேகமாக வந்தால் எதுவும் சரியில்லை என்று பொருள்.

மிதப்பு தடுமாறினால், நின்றால், மூழ்கினால், உடனே கோலை உயர்த்துங்கள். பத்தில் பல முறை அது கல்லாகத்தான் இருக்கும். கல்லைத் தொடாத ஃபிளை மீனையும் தொடாது என்பதால் அதைக் குறையாக எண்ண வேண்டாம். ஐந்தாறு எறிக்கு ஒருமுறைகூட அடி தட்டவில்லை என்றால், ஃபிளையின் வடிவத்தை மாற்றாதீர்கள். முதலில் மிதப்பை மேலே தள்ளுங்கள். அதுவும் போதாவிட்டால் கனமான ஃபிளைக்கு மாறுங்கள். எப்போதும் ஆழம், பிறகு எடை, கடைசியாக வடிவம் என்ற வரிசையில்தான் மாற்றம் செய்ய வேண்டும்.

முறை இரண்டு: குறுக்கே எறிந்து வளையவிடுதல்

அகலமான, சீராக ஓடும் மடுவுக்கு இது ஏற்றது. கலங்கிய நீரில் நிம்ஃபைவிட இது நன்றாக வேலை செய்யும்; பெரிய ஃபிளை கண்ணில் படும். அமெரிக்க எழுத்தாளர் ஜேன் கிரே 1920களில் டொங்காரிரோவுக்கு வந்து மீன் பிடித்து, அதைப் பற்றிப் புத்தகம் எழுதி உலகமெங்கும் இந்த ஆற்றின் பெயரைப் பரப்பினார். மூழ்கும் லைனோடு ஆற்றைக் குறுக்கே அளக்கும் பழக்கம் இங்கே இன்றும் உயிரோடு இருக்கிறது.

மடுவின் தலையில் நின்று, எதிர்க்கரையை நோக்கி, கொஞ்சம் கீழ்ப்பக்கமாக எறியுங்கள். விழுந்ததும் ஒருமுறை லைனை மேல்பக்கம் மடித்துவிட்டு, கோலின் நுனியைத் தாழ்த்தி வையுங்கள். லைன் மூழ்கியபடி மெதுவாக வளைந்து உங்கள் கரைக்கு வரும். அந்த வளைவு முடிந்து ஃபிளை நேர்கீழே தொங்கும் நொடியில்தான் பல மீன்கள் கடிக்கும். ஆகவே உடனே இழுத்து எடுக்காமல் சில நொடி தொங்கவிட்டு, இரண்டு மூன்று சிறு இழுப்பு கொடுத்த பிறகே அடுத்த எறிக்குப் போகவும். பிறகு இரண்டடி கீழே நகருங்கள். எறி, வளைவு, நகர்வு என்ற இந்தத் தாளம் தவறாமல் மடு முழுவதையும் துடைத்துவிடும்.

கடி இங்கே கையில் நேராகத் தெரியும். கோலைப் படாரென்று தூக்காதீர்கள். இறுகிய லைனில் மீன் தானே திரும்பி முள்ளை ஏற்றிக்கொள்ளும். நீங்கள் உறுதியாகப் பிடித்திருந்தால் போதும்.

ஆற்றுவாயும் ஏரிக்கரையும்

ஆற்றில் இன்னும் நுழையாத, முழு எடையும் வெள்ளி மினுமினுப்பும் உள்ள மீன் வேண்டுமானால் ஆற்றுவாய்க்குப் போங்கள். ஏரியின் கிழக்குக் கரையில் வைட்டஹனுய் ஆறு கலக்கும் இடத்தில் குளிர்காலக் காலையில் மீன்பிடிப்போர் இடுப்பளவு நீரில் வரிசையாக நிற்பதைப் பார்க்கலாம். ஹாட்டெப்பேயிலும் டௌராங்கா டௌப்போ ஆற்றுவாயிலும் இதே வாய்ப்பு உண்டு.

இங்கே ஓர் இயற்கை விதியைப் புரிந்துகொள்ள வேண்டும். குளிர்காலத்தில் ஏரியின் நீர் சுமார் 10, 11 பாகை. ஆற்றின் நீர் அதைவிடக் குளிர்ந்தது. குளிர்ந்த நீர் கனமானது. ஆகவே ஆற்று நீர் ஏரியில் கலந்ததும் மேலே பரவாமல் அடியில் புகுந்து, படுகை செங்குத்தாக இறங்கும் விளிம்பைத் தாண்டிக் கீழே பாய்கிறது. மீன் அந்த அடியோட்டத்தில்தான் நிற்கும். மேலே தெரியும் சுழிப்பைப் பார்த்து மிதக்கும் லைனை எறிந்தால் ஃபிளை மீனின் தலைக்கு மேல் பல அடி உயரத்தில் போகும். மூழ்கும் லைனை விளிம்புக்கு அப்பால் எறிந்து, பொறுமையாக எண்ணி அடிக்கு விட்டு, மெதுவாக இழுங்கள்.

இருட்டிய பிறகு கதை வேறு. மீன்கள் துணிந்து ஆழமற்ற விளிம்புக்கே வரும். அப்போது தண்ணீரில் இறங்காமல் கரையிலிருந்து குறுகிய எறியே போதும். கறுப்பான பெரிய ஃபிளை இரவு வானத்துக்கு எதிராகத் தெளிவான நிழலாகத் தெரியும். ஒளிரும் பூச்சுள்ள ஃபிளைகளையும் இங்கே நிறையப் பேர் பயன்படுத்துகிறார்கள். நெற்றி விளக்கைத் தண்ணீர் மீது அடிக்காதீர்கள். மீனும் போகும், பக்கத்தில் நிற்பவரின் பொறுமையும் போகும்.

மிகப் பெரிய மீனே வேண்டும் என்பவர் ரோட்டோருவா பக்கம் தாராவெரா, ஓக்கட்டைனா, ரோட்டோய்ட்டி ஏரிகளைப் பார்க்கலாம். ஆற்றுவரத்து குறைந்த இந்த ஏரிகளில், முட்டையிட இடம் தேடும் மீன்கள் குளிர்காலத்தில் கரையோரம் சுற்றும். நாலரைக் கிலோவைத் தாண்டும் மீன் இங்கே கனவு மட்டுமில்லை. அங்கே பருவமும் எல்லையும் ஏரிக்கு ஏரி மாறும் என்பதால் விதிநூலைப் படிக்காமல் போகக் கூடாது.

மீன் மாட்டிய பிறகு

புதிதாக ஏறிய ரெயின்போ முதல் பத்து நொடியில் தண்ணீரைக் கிழித்துத் துள்ளும். துள்ளும்போது கோலைத் தாழ்த்தித் தளர்வு கொடுங்கள். இறங்கியதும் மறுபடி இறுக்குங்கள். வேகநீரில் கீழ்நோக்கி ஓடினால் அதன் பின்னால் கரையோரம் நடந்து போங்கள். நின்ற இடத்திலிருந்தே மேலே இழுத்தால் ஆற்றின் எடையையும் சேர்த்து இழுக்கிறீர்கள், தங்கூஸ் தாங்காது.

கோலை நேர்மேலே பிடிப்பதைவிடப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் மீனின் தலை திரும்பும், சீக்கிரம் களைக்கும். நீண்ட நேரம் போராடவிடுவது வீரம் ஆகாது. களைத்துப்போன மீனை விட்டாலும் அது பிழைப்பது அரிது. இருக்கும் கருவியின் முழு வலிமையையும் பயன்படுத்தி மீனை விரைவாகக் கரை சேர்த்துவிடுங்கள். சாந்தமான நீருக்குக் கொண்டுவந்து, தலையை முதலில் கைவலைக்குள் விடுங்கள்.

எதை எடுப்பது, எதை விடுவது

வெள்ளிமீனின் சதை ஆரஞ்சாக, கொழுப்போடு இருக்கும். மனுகா மரத்தூள் புகையில் வாட்டிச் சாப்பிடுவது உள்ளூர்ப் பழக்கம். மஞ்சளும் மிளகாய்த்தூளும் உப்பும் தடவித் தோசைக்கல்லில் வறுத்தாலும் அருமை. கறுத்த மீனின் சதை வெளிறி நீர்த்திருக்கும். அதை எடுத்தால் உங்கள் வீட்டுக்கும் லாபமில்லை, ஆற்றுக்கும் நஷ்டம். எனவே எடுப்பதானால் வெள்ளிமீன் ஒன்றிரண்டு. கறுத்ததும் மெலிந்ததும் உடனே தண்ணீருக்கு.

விடும்போது கையை நனைத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த கை மீனின் மேலுள்ள வழுவழுப்பைத் துடைத்துவிடும். அதுதான் அதற்கு நோய்க் காப்பு. செவுளுக்குள் விரல் விடக் கூடாது. வயிற்றை அழுத்தக் கூடாது. உள்ளே சினை இருக்கும். எதிர்கொக்கியை இடுக்கியால் நசுக்கி வைத்திருந்தால் முள் ஒரு திருகலில் வெளிவரும். தலையை நீரோட்டத்தை நோக்கிப் பிடித்து, அது தானாக வாலை அடித்துப் போகும்வரை காத்திருங்கள். படம் எடுக்க வேண்டுமானால் கைவலையை நீரிலேயே வைத்துவிட்டு, மீனை ஒரே ஒரு முறை தூக்குங்கள்.

ஆழமற்ற சரளையில் சுற்றிலும் இல்லாத வெளுப்பாக, கழுவியது போன்ற ஒரு திட்டு தெரிந்தால் அது முட்டையிட்ட பள்ளம். 10 பாகை நீரில் முட்டை பொரிய ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். குளிர் கூடினால் இன்னும் நீளும். அத்தனை நாளும் கல்லுக்கு அடியில் இருக்கும் உயிர்களை ஒரு காலடி நசுக்கிவிடும். அந்தத் திட்டைச் சுற்றிப் போங்கள். அதன்மேல் நிற்கும் மீனுக்கு எறியவே வேண்டாம். முதுகு வெளியே தெரிய, தன் வேலையில் மூழ்கி நிற்கும் மீனைப் பிடிப்பதில் திறமை எதுவும் இல்லை. அடுத்த நான்கு ஆண்டுகளின் ஆறு அந்தப் பள்ளத்துக்குள்தான் இருக்கிறது.

உடலும் உயிரும்

மார்பு வரை வரும் வேடர்ஸ் அணிந்தால் இடுப்பில் பெல்ட் கட்டாமல் தண்ணீரில் இறங்காதீர்கள். விழுந்தால் உள்ளே நீர் புகுவதைத் தடுப்பது அதுதான். ஊன்றுகோல் ஒன்று எப்போதும் கூட இருக்கட்டும். தொடை ஆழத்துக்கு மேல் போக வேண்டிய அவசியம் இந்த ஆற்றில் அரிது. நல்ல மீன்கள் பெரும்பாலும் நீங்கள் நிற்க நினைக்கும் இடத்திலேயே இருக்கும்.

நீர் அடித்துப் போனால் கால்களை முன்னே நீட்டி மல்லாந்து மிதந்து, சாய்வாகக் கரையை நோக்கிக் கையால் துழாவுங்கள். ஓட்டத்தின் நடுவே எழுந்து நிற்க முயன்றால் கல்லிடுக்கில் கால் மாட்டிக்கொள்ளும்.

பருத்தித் துணி நனைந்தால் உடல்சூட்டை உறிஞ்சிவிடும். உள்ளே மெல்லிய கம்பளி, மேலே தடித்த கம்பளி, வெளியே மழைக்கோட்டு என்று அடுக்குங்கள். விரல் மரத்துப்போனால் முடிச்சு போட முடியாது. முடிச்சு போட முடியவில்லை என்றால் கரையேறும் நேரம் வந்துவிட்டது. பிளாஸ்கில் சூடான டீயும் மாற்று உடையும் காரில் இருக்கட்டும்.

உரிமமும் மரியாதையும்

நியூசிலாந்தின் மற்றப் பகுதிகளுக்கு ஃபிஷ் அண்ட் கேம் அமைப்பு உரிமம் தருகிறது. டௌப்போ மட்டும் தனி மாவட்டம். இயற்கைப் பாதுகாப்புத் துறையிடம் தனி உரிமம் வாங்க வேண்டும். ஒன்றுக்கு மற்றொன்று செல்லாது. இந்தத் தனி ஏற்பாட்டுக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. ஏரி ஙாட்டி டூஃபாரெட்டோவா என்ற மவோரி மக்களுடையது. அவர்களுக்கும் அரசுக்கும் 1926ல் ஏற்பட்ட ஒப்பந்தத்தால்தான் பொதுமக்கள் இந்தக் கரைகளில் நடந்து மீன் பிடிக்க முடிகிறது. 1992ல் ஏரிப் படுகையின் உரிமை அவர்களிடமே திரும்பியது. உரிமத்துக்குக் கொடுக்கும் பணத்தை அந்த மக்களின் நிலத்தில் நடக்கும் அனுமதிக்கான மரியாதையாகவும் நினையுங்கள்.

ஒரு நாளைக்கு எத்தனை மீன், எவ்வளவு நீளம், எந்த மேல்பகுதி குளிர்காலத்தில் மூடப்பட்டிருக்கிறது, இரவில் எந்த மணி வரை என்ற விதிகள் அவ்வப்போது மாறுகின்றன. உரிமம் வாங்கும் நாளில் அந்த ஆண்டின் விதிநூலைப் படியுங்கள். நியூசிலாந்தில் ட்ரவுட்டை விற்பது சட்டப்படி குற்றம் என்பது மாறாத விதி.

2004ல் தெற்குத் தீவின் வையாவ் ஆற்றில் டிடிமோ என்ற பாசி கண்டுபிடிக்கப்பட்டது. கல்லெல்லாம் சளிபோல் போர்த்திப் பூச்சிகளின் வாழ்விடத்தையே கெடுப்பது. அது ஆறு விட்டு ஆறு பரவாமலிருக்க, ஈரம் தங்கும் கம்பளிஅடிக் காலணிகள் 2008 முதல் நாடெங்கும் தடைசெய்யப்பட்டிருக்கின்றன. ரப்பர் அடியே அணிய வேண்டும். ஓர் ஆற்றிலிருந்து இன்னோர் ஆற்றுக்குப் போகும் முன் வேடர்ஸ், காலணி, கைவலை எல்லாவற்றையும் பார்த்து, கழுவி, முழுக்க உலர்த்துங்கள்.

மடுவில் ஏற்கெனவே ஒருவர் இருந்தால் அவர் எந்தப் பக்கம் நகர்கிறார் என்று பாருங்கள். நிம்ஃப்காரர் மேல்நோக்கிப் போவார்; மூழ்கும் லைன்காரர் கீழ்நோக்கி வருவார். அவருக்குப் பின்னால், ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்குங்கள். முன்னால் போய் இறங்குவது இந்த ஆற்றில் பெரிய அவமரியாதை. இடம் விட்டு நிற்பவருக்கு எந்த ஃபிளை, எத்தனை ஆழம் என்ற சேதியும் பெரும்பாலும் கிடைக்கும்.

முதல் நாள் திட்டம்

ஆறு வடிந்துகொண்டிருக்கும் ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள். விடியும் முன் ஒரு மடுவின் வாலுக்குப் போய், கனமான நிம்ஃபும் குளோ பக்கும் கட்டி, அரை மணி நேரம் அங்கேயே எறியுங்கள். பிறகு கோடு கோடாக மேலே நகர்ந்து தலைப்பகுதி வரை போங்கள். அடி தட்டுகிறதா என்பதை மட்டும் கவனியுங்கள். மீனைப் பற்றிய கவலை வேண்டாம். நடுப்பகலில் டூராங்கிக்குத் தெற்கே உள்ள தேசிய ட்ரவுட் மையத்துக்குப் போய், கண்ணாடி வழியே நீருக்கடியில் மீன் எப்படி நிற்கிறது, எப்படி வாய் திறந்து இரையை எடுத்துத் துப்புகிறது என்று பாருங்கள். உங்கள் மிதப்பு ஏன் அவ்வளவு லேசாகத் தடுமாறுகிறது என்பது அப்போது புரியும். மாலையில் அதே மடுவில் மூழ்கும் லைனோடு தலையிலிருந்து வாலுக்கு வாருங்கள்.

இரவு அறைக்குத் திரும்பியதும் ஒரு குறிப்பேட்டில் நான்கு விவரங்களை எழுதுங்கள்: ஆற்றின் ஓட்ட அளவு, தண்ணீரின் தெளிவு, கடி விழுந்த இடம், அப்போது ஃபிளை இருந்த ஆழம். பிடித்த மீன் வெள்ளியா, கறுப்பா என்பதையும் பக்கத்தில் குறியுங்கள். இரண்டு குளிர்காலம் இப்படி எழுதி வந்தால், இந்த அத்தியாயத்தைவிட உங்களுக்குப் பொருத்தமான வழிகாட்டி அந்தக் குறிப்பேடாகத்தான் இருக்கும்.